ஜிடிஎக்ஸ் 1080 டிஐயா, ஆர்டிஎக்ஸ் 4060ஆ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் வைத்து எப்படி எடைபோடுவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக என்விடியாவின் இரண்டு கார்டுகளை எடுத்திருக்கிறேன்: 2017 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 2023 ஜூன் கடைசியில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060. முதலாவதை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு வருடம் ஓட்டினேன். இரண்டாவது இப்போது என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பழையது அண்ணன் மகனிடம் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று உச்சத்தில் இருந்த கார்டு, மற்றது சாதாரண கார்டு. இரண்டையும் ஒப்பிடுவது சரியா?

அதற்காகத்தான் ஒப்பிட வேண்டும். 1080 டிஐ வந்தபோது அதன் அறிவிப்பு விலை 699 டாலர். கேம் விளையாடுபவர்களுக்கென்று என்விடியா விற்ற கார்டுகளில் அன்றைக்கு அதுதான் முதலிடம். 4060 வந்தது 299 டாலருக்கு, அந்த வரிசையின் அடிப்படிக் கார்டாக. ஆறு வருட இடைவெளியில் பழைய ராஜாவும் புதிய சிப்பாயும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்து நிற்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் சந்தையில் 1080 டிஐ இன்னும் கிடைப்பதால், "அதை வாங்கலாமா, கொஞ்சம் கூடப் போட்டு 4060 எடுக்கலாமா" என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது.

எண்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் பழையதுதானே பெரியது? 4060 எப்படி ஈடுகொடுக்கிறது?

நியாயமான கேள்வி. கடைக்காரர் காட்டும் அட்டவணையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1080 டிஐயில் 3584 க்யூடா கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு), 4060-இல் 3072. மெமரி 11 ஜிபிக்கு 8 ஜிபி. மெமரி பஸ், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதையின் அகலம், 352 பிட்டுக்கு 128 பிட். நொடிக்கு 484 ஜிபி தரவு அள்ளும் பழையது, புதியது 272 ஜிபிதான்.

முதலில் அந்த 352, 128 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். என்னுடைய 1080 டிஐயின் ஹீட்சிங்க்கை (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) ஒருமுறை கழற்றியபோது நடுவில் பெரிய சிப், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன கறுப்பு மெமரி சில்லுகள். எண்ணினால் பதினொன்று. பன்னிரண்டாவது சில்லுக்கான இடம் போர்டில் காலியாகவே இருக்கிறது, அந்த இடத்தில் பற்றுவைக்காத புள்ளிகள் மட்டும் வரிசையாகப் பளபளக்கின்றன. ஒவ்வொரு சில்லும் 1 ஜிபி. சிப்புக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் இடையே 32 பிட் அகலத்தில் ஒரு பாதை. பதினொன்றை 32-ஆல் பெருக்கினால் 352. 4060-இல் 2 ஜிபி சில்லுகள் நான்கே நான்கு. ஆகவே 8 ஜிபி, 128 பிட்.

சரி, பாதை இவ்வளவு குறுகினால் வேகம் எப்படித் தாக்குப்பிடிக்கும்? பதில் கேஷ் மெமரியில் இருக்கிறது. சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டின் 8 ஜிபி, 11 ஜிபி எல்லாம் உள்ளே இருக்கும் மளிகை அறை. சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் மளிகை அறைக்கு ஓடுகிறவருக்கு அந்த அறையின் கதவு அகலமாக இருந்தாக வேண்டும். பெட்டி பெரிதாக இருந்தால் கதவு குறுகலாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். 1080 டிஐயில் அந்தப் பெட்டி 2.75 எம்பி. 4060-இல் 24 எம்பி.

அடுத்தது கடிகார வேகம். 1080 டிஐயின் பூஸ்ட் வேகம் 1582 மெகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்பட்டிருக்கும், 4060-இல் 2460. கோர் எண்ணிக்கை குறைவு என்றாலும் ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு வேகமாக அடிக்கிறது. இரண்டு தலைமுறைகளின் கோர்களும் உள்ளமைப்பில் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே தலைமுறைக்குள் கோர் எண்ணிக்கையை ஒப்பிடலாம். தலைமுறை தாண்டி ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவோம்.

எனக்கு இதில் பிடித்த விவரம் சிப்பின் அளவு. 1080 டிஐயின் சிப் 471 சதுர மில்லிமீட்டர், உள்ளே சுமார் 1180 கோடி டிரான்சிஸ்டர். 4060-இன் சிப் சுமார் 159 சதுர மில்லிமீட்டர்தான், மூன்றில் ஒரு பங்கு. ஆனால் உள்ளே 1890 கோடி. 16 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலிருந்து இன்றைய தொழில்நுட்பத்துக்கு வந்ததில் கிடைத்தது இது.

அப்படியானால் கேமில் எது வேகம்?

1080பி திரையில் (இது திரையின் தெளிவு அளவு, கார்டின் பெயர் இல்லை), ரே டிரேசிங், அதாவது ஒளி படும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை, இல்லாமல் ஓட்டினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். கடந்த சில வருடங்களில் வந்த கேம்களில் 4060 கொஞ்சம் முந்துகிறது. பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் 1080 டிஐ விட்டுக்கொடுப்பதில்லை. திரை 1440பி, 4கே என்று பெரிதாகப் பெரிதாக அகலமான மெமரி பாதை பழையதற்குக் கைகொடுக்கும், இடைவெளி சுருங்கும்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் மாதிரிப் போட்டி கேம்கள் மட்டும்தான் என்றால் இரண்டுமே தாராளம். அங்கே உங்கள் பிராசஸரும் மானிட்டரின் ஹெர்ட்ஸும்தான் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு கார்டை மாற்றுவதைவிட மானிட்டரை மாற்றினால் கண்ணுக்கு உடனே தெரியும்.

11 ஜிபியை விட்டு 8 ஜிபிக்கு இறங்கலாமா?

4060-இல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்த ஒன்றுதான். 2023-இல் வெளியிட்ட கார்டுக்கு 8 ஜிபி போதாது என்று வாங்கிய அன்றே நினைத்தேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

மெமரி போதாமல் போனால் கேம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடக்காது. கார்டு தன்னால் வைத்துக்கொள்ள முடியாததைக் கம்ப்யூட்டரின் ரேமில் போட்டுவிட்டு, தேவைப்படும்போது கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இழுத்து வரும். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) எண் 70 என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு. சில கேம்களில் சுவரும் தரையும் களிமண் பூசியது போல மங்கலாக நின்று, இரண்டு நொடி கழித்துத்தான் தெளிவாகும். டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) அமைப்பை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இங்கே பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 4060 பார்க்க முழு நீள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் அது பயன்படுத்துவது எட்டு லேன் (தரவு போகும் தடம்) மட்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் இது பிரச்சினையே இல்லை. 3.0 போர்டில் போட்டால் அந்தப் பாதை நொடிக்கு சுமார் 8 ஜிபியாகச் சுருங்கிவிடும். 1080 டிஐக்கோ அதே போர்டில் பதினாறு லேன், சுமார் 16 ஜிபி. மெமரி நிரம்பாதவரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிரம்பிவிட்டால் அந்த வெட்டு இன்னும் மோசமாகும். ஏழெட்டு வருடப் பழைய போர்டில் புதுக் கார்டை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரே டிரேசிங் எனக்கு வேண்டாம், அணைத்துவிட்டு விளையாடுவேன். அப்போது பழையது போதும்தானே?

சில வருடங்கள் முன்புவரை இதற்கு "போதும்" என்றுதான் பதில் சொல்லிவந்தேன். இப்போது முடியவில்லை, ஏனென்றால் அணைக்க வழியே இல்லாத கேம்கள் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ரே டிரேசிங் வன்பொருள் உள்ள கார்டு கட்டாயம். 1080 டிஐயில் அது இல்லை. வேகம் இருந்தும் பயனில்லை.

2023 அக்டோபரில் வந்த ஆலன் வேக் 2-இல் வேறொரு சிக்கல். மெஷ் ஷேடர் என்ற வசதியை நம்பிக் கட்டப்பட்ட கேம் அது, 1080 டிஐ தலைமுறையில் அந்த வசதி கிடையாது. ஆரம்பத்தில் பரிதாபமாக ஓடியது. 2024 மார்ச்சில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு கொஞ்சம் தேறியது. எல்லா கேம் நிறுவனங்களும் இப்படிப் பழைய கார்டுக்காக உட்கார்ந்து வேலை செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

2019 ஏப்ரலில் ஒரு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மூலம் 1080 டிஐயிலும் ரே டிரேசிங்கை ஓடவைத்தார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் தனி வன்பொருள் இல்லாமல் சாதாரண கோர்களே அந்த வேலையையும் செய்ததால், பார்த்து ரசிக்கலாம், விளையாட முடியாது.

டிஎல்எஸ்எஸ் அவ்வளவு முக்கியமா?

ஆம். எண்களில் தெரியாத பெரிய வித்தியாசம் இது. கேமைக் குறைந்த அளவில் வரைந்து, பிறகு பெரிதாக்கித் தெளிவாகக் காட்டும் முறைக்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அதற்கு டென்சர் கோர் (ஏஐ கணக்குகளுக்கென்றே உள்ள அலகு) கேட்கும், 1080 டிஐயில் டென்சர் கோர் இல்லை. அதில் ஏஎம்டியின் அப்ஸ்கேலிங் முறையான எஃப்எஸ்ஆரைப் பயன்படுத்தலாம். போட்டி நிறுவனத்தின் தொழில்நுட்பம் பழைய என்விடியா கார்டுகளின் ஆயுளை நீட்டித்துக் கொடுத்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் 1080பி திரையில் எஃப்எஸ்ஆர் 2 கம்பி வேலி, மரக்கிளை, தலைமுடி போன்ற மெல்லிய கோடுகளை மினுக்க வைக்கும். டிஎல்எஸ்எஸ் அங்கே பல படி மேல். 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் புதிய அப்ஸ்கேலிங் முறை 4060-இலும் ஓடுகிறது.

பிரேம் ஜெனரேஷனை நான் அவ்வளவு உயர்த்திச் சொல்ல மாட்டேன். இரண்டு பிரேமுக்கு நடுவே ஒன்றைத் தானே உருவாக்கிச் செருகும் வசதி அது. ஏற்கெனவே 60 எஃப்பிஎஸ் ஓடும் கேமை வழுவழுப்பாக்கும். 30 எஃப்பிஎஸ்ஸில் திணறும் கேமில் போட்டால் படம் வழுக்கும், கை மட்டும் பிந்தும். போதாக்குறைக்கு, இருக்கும் 8 ஜிபியிலும் ஒரு பங்கைத் தின்னும்.

1080 டிஐக்கு டிரைவர் வருவது நின்றுவிட்டதாமே?

புதிய கேம்களுக்கான கேம் ரெடி டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அப்டேட் மட்டும், அதுவும் 2028 அக்டோபர் வரை. இன்று ஓடும் கேம் நாளைக்கு நின்றுவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் இனி வரும் கேமில் திரை கறுத்தாலோ நிழல் உடைந்தாலோ சரிசெய்து தர ஆளில்லை. லினக்ஸில் இருப்பவர்கள் 580 வரிசை டிரைவரிலேயே நின்றுகொள்ள வேண்டும்.

எட்டரை வருடம் முழு ஆதரவு கிடைத்தது நல்ல காலம்தான். அந்த வகையில் 1080 டிஐ வாங்கிய யாரும் ஏமாறவில்லை.

கரன்ட் பில்லில் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். 1080 டிஐ முழு மூச்சில் 250 வாட், 4060 115 வாட். வித்தியாசம் 135 வாட். தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு சுமார் 16 யூனிட், தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 32 யூனிட். தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் கோடையில் ஏசியும் ஓடி, 500 யூனிட் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீட்டில் இந்த 32 யூனிட் கோட்டைத் தாண்ட வைத்தால், கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும்.

பில்லைவிட நான் அதிகம் உணர்ந்தது வெப்பத்தை. கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியேறுகிறது. மே மாதம் மதியம், மாடி அறை, கதவைச் சாத்திக்கொண்டு 1080 டிஐயை இரண்டு மணி நேரம் ஓட்டினால் கேபினட்டின் பின்பக்கம் கை வைக்க முடியாது, டேபிளுக்கு அடியில் முழங்காலில் அனல் அடிக்கும். கார்டு மாறியபின் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்னடா, மிஷின் சத்தமே கேக்கல?"

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) விஷயத்திலும் 4060 சாது. பெரும்பாலான மாடல்களுக்கு ஒரே ஒரு 8 பின் இணைப்பு போதும். 1080 டிஐக்கு 6-உம் 8-உம், சில மாடல்களுக்கு இரண்டு 8 பின். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் அதை மாட்டவே கூடாது.

வீடியோ எடிட்டிங், ஸ்ட்ரீமிங்குக்கு?

4060. யோசிக்கவே வேண்டாம். ஏவி1 என்ற புதிய வீடியோ முறையை வன்பொருளிலேயே எழுதவும் படிக்கவும் அதற்குத் தெரியும். 1080 டிஐ எச்.264, எச்இவிசி என்ற பழைய முறைகளில் எழுதும், ஏவி1 பக்கமே போகாது. டிவியோடு இணைப்பவர்களுக்கு இன்னொன்று: 4060-இல் எச்டிஎம்ஐ 2.1 இருப்பதால் 4கே 120 ஹெர்ட்ஸ் போகும்.

ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க 11 ஜிபி நல்லதுதானே?

அளவு நல்லதுதான், மற்றது எதுவும் நல்லதில்லை. டென்சர் கோர் கிடையாது, 16 பிட் கணக்குகளில் 1080 டிஐ மிக மந்தம். இந்த மாதிரிக் கணக்குகளுக்கான என்விடியாவின் மென்பொருளில் 2025-இல் வந்த க்யூடா 13 அந்தத் தலைமுறையையே கைவிட்டுவிட்டது. இந்த வேலைக்கு இரண்டையும் விட்டுவிட்டு 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060-ஐத் தேடுங்கள். வாங்கும்போது 12 ஜிபிதானா என்று உறுதி செய்யுங்கள், அதே பெயரில் 8 ஜிபி மாடலும் இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் 1080 டிஐ குறைந்த விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

இப்போதைய நிலையில் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். ரொம்பவும் மலிவாக, தெரிந்தவர் கையிலிருந்து, பழைய கேம்களுக்காக மட்டும் என்றால் யோசிக்கலாம். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் ஆள் பார்த்து வாங்கினாலும், ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் உள்ளே இருக்கும் சிப் எது என்று தெரியும். மலிவான பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதித்த அடிப்படை மென்பொருள்) மாற்றி வேறு பெயரில் விற்பவர்கள் உண்டு, அப்படிப்பட்டதை அது போலி என்றே காட்டிவிடும். கனமான கேம் ஒன்றை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள், கோடுகள் தெறித்தால் மெமரி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், வாங்காமல் திரும்பிவிடுங்கள். ஃபேனைக் கையால் லேசாகச் சுற்றிப் பாருங்கள், ஆட்டமோ உரசலோ இருக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் உருவாக்கும் மைனிங் முடிவுக்கு வந்தபோது பல கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம், ஆனால் ஃபேனும், சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கார்டு 84 டிகிரியில் முட்டி நின்று வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தபோதுதான் நான் அதைத் திறந்தேன். சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்குரூ. அவற்றை ஒரேயடியாகக் கழற்றாமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டு வரவில்லை. இழுக்காமல் இடமும் வலமும் மெதுவாகத் திருகினேன், சின்னச் சத்தத்தோடு விட்டது. உள்ளே பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பு மாதிரி பொருக்குப் பொருக்காக இருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் கண்ணாடி போலத் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்தேன். 84-இல் நின்றது 72-க்கு இறங்கியது. மெமரி சில்லுகளின் சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற தெர்மல் பேட் கிழிந்தால் அதே தடிமனில் வாங்க வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. ஃபேன் வயரின் சின்ன கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரைப் பிடித்துக் கழற்றுங்கள்.

என்னிடம் 1080 டிஐ நன்றாக ஓடுகிறது. 4060-க்கு மாறலாமா?

வேகத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். காசு கொடுத்து அதே இடத்தில் நிற்பீர்கள், கூடவே 3 ஜிபி மெமரியையும் இழப்பீர்கள். புதிய கேம் ஓட மறுக்கிறது, வீடியோ வேலை இருக்கிறது, சூடு தாங்கவில்லை என்ற காரணங்களில் ஒன்று உங்களுக்கு இருந்தால் மாறலாம். நான் மாறியது வீடியோ வேலைக்காகவும் அந்த மாடி அறைக்காகவும்தான்.

மாறுவதென்று முடிவெடுத்துவிட்டால் 4060-இலேயே நிற்காதீர்கள். 2025 மே மாதம் அதே 299 டாலர் அறிவிப்பு விலைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5060, 3840 கோர்களும் நொடிக்கு 448 ஜிபி மெமரி வேகமும் கொண்டது. அதிலும் 8 ஜிபிதான், எட்டு லேன்தான். மெமரி முக்கியம் என்றால் 12 ஜிபி உள்ள இன்டெல் ஆர்க் பி580-ஐயும் பாருங்கள். அதற்கு ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே தடவையில் அணுக விடுவது) வசதி உள்ள போர்டு அவசியம்.

கார்டை மாற்றும்போது கவனிக்க வேண்டியது?

பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருளால் முழுக்க நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, பின்னால் உள்ள மெயின் வயரைக் கழற்றுங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை அழுத்தாமல் கார்டை இழுத்தால் ஸ்லாட்டே உடையும். 1080 டிஐ கனமானது, ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே ஸ்குரூவைக் கழற்றுங்கள். புதியதை மாட்டியபின் மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். "புதுக் கார்டு போட்டும் கேம் ஓடவில்லை" என்று வரும் அழைப்புகளில் முதலில் நான் பார்க்கச் சொல்வது இதைத்தான். பழைய கார்டை விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், புதியது வந்த ஆன்டி-ஸ்டேட்டிக் கவரிலேயே போட்டு வையுங்கள், செய்தித்தாளில் சுற்ற வேண்டாம்.